நிலக்கடலைக்குப் பட்டமும் உரமும்

எண்ணெய் நிறைந்த விதையை உருவாக்குவது எந்தச் செடிக்கும் செலவு மிகுந்த வேலை. ஒளிச்சேர்க்கையில் கிடைத்த ஒரு கிராம் குளுக்கோஸைக் கொண்டு ஒரு செடி ஏறத்தாழ 0.83 கிராம் மாவுச்சத்தைச் சேமிக்கலாம். அதே ஒரு கிராம் எண்ணெயாக மாறும்போது 0.33 கிராம்தான் கிடைக்கும். எடைக்கு எடை பார்த்தால் எண்ணெயில் அடங்கியிருக்கும் ஆற்றல் மாவுச்சத்தைவிட இருமடங்குக்கும் மேல் என்பதால் அதற்கான விலையைச் செடி கொடுத்தே ஆக வேண்டும். நெல் வயலையும் கடலைக்கொல்லையையும் மூட்டைக் கணக்கில் ஒப்பிட முடியாது என்பதற்கு இதுவே காரணம். எண்ணெய்வித்துப் பயிர் தன் விதையை நிரப்பும் சில வாரங்களில் அதற்கு நல்ல வெயில், தடையில்லாத ஈரம், நோயற்ற பச்சை இலை மூன்றும் ஒருசேர வேண்டும். அந்த வாரங்கள் ஆண்டின் எந்த மாதத்தில் வந்து விழுகின்றன என்பதை விதைத்த நாள் முடிவு செய்கிறது. இட்ட உரம் எவ்வளவு பலிக்கும் என்பதும் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே முடிவாகிவிடுகிறது.

இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 1986இல் தொடங்கிய எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் முதல், 2024 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற தேசிய எண்ணெய்வித்து இயக்கம் வரை அரசுகள் மீண்டும் மீண்டும் இதில் கை வைப்பதன் பின்னணி அதுதான். புதிய ரகமும் புதிய நிலமும் இந்த முயற்சிகளில் அதிகம் பேசப்படுகின்றன. ஆனால் இருக்கும் நிலத்தில், இருக்கும் ரகத்தில், விதைக்கும் நாளும் உரமிடும் நாளும் தவறுவதால் இழக்கும் விளைச்சல் சிறிதல்ல. தமிழ்நாட்டின் முதன்மை எண்ணெய்வித்தான நிலக்கடலையை எடுத்துக்கொண்டால் இதைத் தெளிவாகக் காணலாம். திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர், சேலம், நாமக்கல் பகுதிகளின் செம்மண் மானாவாரிக் கொல்லைகளில் ஆடியிலும், கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் மார்கழியிலும் இது பயிராகிறது. பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய், கால் பங்கு புரதம்.

முதலில் செடியின் சொந்த நாட்கணக்கைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பரவலாகப் பயிராகும் கொத்துக்கடலை ரகங்களின் வயது 100 முதல் 110 நாள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்டு, தமிழகத்துக்கு வெளியேயும் பல பத்தாண்டுகள் நிலைத்து நின்ற டி.எம்.வி. 2 இந்த வகையைச் சேர்ந்தது. விதைத்த ஒரு வாரம், பத்து நாளில் முளை வெளிவரும். 25 முதல் 30 நாளில் முதல் மஞ்சள் பூ விரியும். பூ விடியற்காலையில் மலர்ந்து, தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, அன்றைக்கே வாடிவிடும். கருவுற்ற சூலகத்தின் அடிப்பகுதி ஊசிபோல் நீண்டு கீழ்நோக்கி வளரும். அதுதான் விழுது. ஒன்றிரண்டு வாரத்தில் விழுதின் நுனி மண்ணுக்குள் இறங்கும். இருட்டும் ஈரமும் கிடைத்த பிறகே அந்த நுனி கிடைமட்டமாகத் திரும்பிக் காயாகப் பருக்கத் தொடங்கும்.

செடி பூத்துக்கொண்டே இருந்தாலும் எல்லாப் பூவும் காயாவதில்லை. பெரும்பகுதி வீணாகத்தான் போகிறது. பூக்கத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் வந்த பூக்களே முற்றிய காய்களைத் தருகின்றன. பிந்திப் பூத்தவற்றின் விழுது மேல் கணுக்களில் இருந்து புறப்படுவதால் மண்ணை எட்டுவதற்கே சிரமப்படும். எட்டினாலும் பருப்பு நிரம்ப நாள் போதாது. ஆக, ஏறத்தாழ 30ஆம் நாளிலிருந்து 55ஆம் நாள் வரையிலான காலம் காய்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. அதற்கடுத்த ஒரு மாதம் பருப்பின் எடையைத் தீர்மானிக்கிறது. விதைக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பது என்றால் இந்த இரண்டு காலப்பகுதிகளுக்கும் தக்க வானிலையைத் தேர்ந்தெடுப்பது என்று பொருள்.

மானாவாரிக் கடலைக்கு ஆனி, ஆடி மாதங்கள் ஏன் உகந்தவை என்பதை இந்தக் கணக்கு எளிதாக விளக்கும். ஜூலை முதல் வாரத்தில் விதைத்த பயிர் ஆகஸ்ட் தொடக்கத்தில் பூக்கும். வட தமிழகத்தில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாலை நேர மழை ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நன்றாகக் கிடைக்கும். விழுது இறங்குவதும் காய் பருப்பதும் அந்த ஈரத்தில் நடக்கும். அக்டோபர் நடுவில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில், செடியைப் பிடுங்கிவிடலாம். அதே விதை ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மண்ணில் விழுந்தால் அறுவடை டிசம்பர் தொடக்கத்துக்குத் தள்ளிப்போகும். பருப்பு நிரம்ப வெயில் தேவைப்படும் நேரத்தில் வானம் மூடியிருக்கும்; காய் முற்றிய நேரத்தில் நிலம் சேறாக இருக்கும்.

கொத்துக்கடலை ரகங்களுக்கு இதில் ஓர் இயற்கைக் குறையும் உண்டு. அவற்றின் விதைக்கு உறக்கக் காலம் கிடையாது. முற்றிய காயின் மேல் தொடர்ந்து மழை பெய்தால், பிடுங்கும் முன்பே நிலத்துக்குள் பருப்பு முளைத்துவிடும். பிடுங்கிய செடியைக் காய வைக்க வெயில் இல்லாவிட்டால் குவியலிலும் முளைக்கும், பூசணமும் பிடிக்கும். கொடிக்கடலை ரகங்களுக்கு உறக்கக் காலம் உண்டு. ஆனால் அவற்றின் வயது 20 நாளாவது கூடுதல் என்பதால் குறுகிய மழைக்காலத்துக்கு அவை ஒத்துவருவதில்லை. பயிர் ஆராய்ச்சியாளர்கள் சில வார உறக்கம் கொண்ட கொத்து ரகங்களை உருவாக்கப் பாடுபட்டு வருவது இந்த இழப்பைத் தவிர்க்கத்தான்.

நோய்களும் விதைத்த தேதியைப் பார்த்தே வருகின்றன. டிக்கா எனப்படும் இலைப்புள்ளி நோய், துரு நோய் இரண்டின் வித்துக்களும் காற்றில் பரவுபவை. முன்னதாக விதைத்த கொல்லைகளில் நோய் முற்றியிருக்கும்போது பக்கத்துக் கொல்லையில் இளம்பயிர் நின்றால், அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நோய்க்கு நடுவிலேயே கழிக்க வேண்டியிருக்கும். பருப்பு நிரம்பும் மாதத்தில் இலை உதிர்ந்துவிட்டால் எண்ணெய்க்கான மூலப்பொருளே வராது. ஊரே ஒரே சமயத்தில் விதைப்பது நல்லது என்று பெரியவர்கள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது.

முந்தி விதைப்பதிலும் இடர் இல்லாமல் இல்லை. கோடைமழையை நம்பிச் சித்திரை, வைகாசியிலேயே விதைத்துவிட்டுப் பின்னர் மூன்று வாரம் மழையில்லாமல் போவது அடிக்கடி நடப்பது. ஆனால் நிலக்கடலை இந்த இடரைத் தாங்கும் விதம் கவனிக்கத்தக்கது. பூப்பதற்கு முன் வரும் மிதமான வறட்சி அதற்குப் பெரிய கேடு செய்வதில்லை. ஐதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் நடந்த சோதனைகளில், பூக்கும் முன் காயவிட்டுப் பிறகு நீர் பாய்ச்சிய பயிர் விளைச்சலில் குறையவில்லை. சற்றுக் கூடுதலாகவே தந்தது. வறட்சியில் இலை வளர்ச்சி மட்டுப்பட்டு, வேர் ஆழமாக இறங்கி, நீர் கிடைத்ததும் பூக்கள் ஒரே சமயத்தில் திரண்டு வந்ததே இதன் காரணம். விழுது இறங்கும் பருவத்தில் வரும் வறட்சி இதற்கு நேர்மாறானது. மேல்மண் காய்ந்து இறுகிவிட்டால் விழுதின் நுனியால் துளைக்க முடியாது. மண்ணின் மேல் தொங்கியபடியே கருகிவிடும். எனவே மழை இடைவெளி ஒன்று வரத்தான் போகிறது என்றால், அது பயிரின் முதல் மாதத்தில் வருமாறு விதைப்பதே நல்லது.

கடைசி மாதத்து வறட்சி விளைச்சலோடு தரத்தையும் கெடுக்கும். அறுவடைக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்கள் மண் காய்ந்தும் சூடாகவும் இருந்தால், மண்ணிலுள்ள ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்ற பூசணம் காய்க்குள் புகுந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள நஞ்சு இது. வெளிநாட்டுச் சந்தைகள் இந்தியக் கடலையைத் திருப்பி அனுப்பும் முக்கியக் காரணங்களில் ஒன்றும் இதுவே. விதைப்புத் தேதியைச் சில வாரம் மாற்றிக் கடைசி வறட்சியைத் தவிர்ப்பது, இந்த நஞ்சுக்கு எதிராகக் கொல்லையிலேயே எடுக்கக்கூடிய செலவில்லாத நடவடிக்கை.

இறவைக் கடலையில் கணக்கு வேறு. அங்கே நீர் விவசாயியின் கையில் இருக்கிறது. வெப்பம் அவர் கையில் இல்லை. மார்கழியில், அதாவது டிசம்பர் பின்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை விதைத்த பயிர், மிதமான குளிரில் சற்று மெதுவாக முளைத்தாலும் பிப்ரவரியில் பூத்து மார்ச் மாதத் தெளிந்த வெயிலில் பருப்பை நிரப்பும். மேகமற்ற வானம், குறைந்த நோய், தேவைக்கேற்ற நீர் மூன்றும் சேர்வதால் மானாவாரியைவிட இந்தப் பட்டத்தில் விளைச்சல் நன்கு கூடுகிறது. நெல் அறுவடை தாமதமாகி, விதைப்பு பிப்ரவரி பின்பகுதிக்குப் போய்விட்டால் பூப்பு மார்ச் இறுதியிலும் காய் பிடிப்பு ஏப்ரலிலும் வரும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மகரந்தத்தின் உயிர்ப்பு குறைகிறது. செடி பச்சைப்பசேலென்று நிற்கும், பூவும் நிறைய இருக்கும், ஆனால் விழுது குறைவாகவே இறங்கும். நீர் எவ்வளவு பாய்ச்சினாலும், உரம் எவ்வளவு போட்டாலும் கருவுறாத பூ காயாகாது.

மற்ற எண்ணெய்வித்துகளிலும் இதே போன்ற குறுகிய காலக்கட்டங்கள் உண்டு. காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்குப் பின் எஞ்சிய ஈரத்தில் விதைக்கும் எள் நீர் தேங்குவதை அறவே தாங்காது. ஓரிரு நாள் வேரடியில் நீர் நின்றாலே செடி வாடிச் சாயும். மாசிக்கு மேல் தள்ளிப்போன எள், தொடக்கத்தில் ஈரமின்மையாலும் முடிவில் கோடைமழையாலும் இரண்டு பக்கமும் அடிபடுகிறது. ராஜஸ்தான், ஹரியானா பகுதிகளில் கடுகை அக்டோபரில் விதைத்துவிட வேண்டும். நவம்பருக்குத் தள்ளினால் பூக்கும் சமயம் அசுவினிப் பூச்சி பெருகும் காலத்தோடு மோதும். விதை நிரம்பும்போது வெப்பம் ஏறிவிடும். சூரியகாந்தி தேனீயை நம்பிய பயிர் என்பதால் பூக்கும் நாட்களில் தொடர்மழை பெய்தால் பொக்கு விதைதான் மிஞ்சும்.

இனி உரம். நிலக்கடலையின் தழைச்சத்துத் தேவையில் பெரும்பகுதி காற்றிலிருந்தே வருகிறது. வேரில் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றித் தரும். விதைத்த மூன்று நான்கு வாரத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால் அதன் வேலைத்திறன் தெரிந்துவிடும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் அந்த நிறத்தைத் தருகிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை. கடலை புதிதாக வரும் நிலத்திலும், நெல் நீர் நின்ற நிலத்திலும் இந்தப் பாக்டீரியா குறைந்திருக்கும். ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையின் மேல் பூசி நிழலில் உலர்த்தி விதைப்பதற்கு ஆகும் செலவு அற்பம்.

முடிச்சுகள் வேலையைத் தொடங்கும் வரை இளஞ்செடிக்குக் கொஞ்சம் தழைச்சத்து வேண்டும், அவ்வளவுதான். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி சோம்பிவிடும்: முடிச்சு குறையும், இலையும் தண்டும் கொழுக்கும், விழுது புறப்படும் கணுக்கள் மண்ணிலிருந்து உயரத்துக்குப் போய்விடும். எள், கடுகு, சூரியகாந்திக்கு வேர்முடிச்சு இல்லாததால் தழைச்சத்தை உரமாகவே கொடுத்தாக வேண்டும். அங்கும் அளவு மீறினால் விதையில் புரதம் கூடி எண்ணெய்ச் சதவீதம் இறங்குகிறது. விளைச்சல் மூட்டையில் கூடியது போலத் தெரிந்தாலும் செக்கில் கிடைக்கும் எண்ணெய் அந்த அளவுக்குக் கூடியிருக்காது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரிக் கடலைக்கு ஹெக்டேருக்கு 10 கிலோ தழைச்சத்து, 10 கிலோ மணிச்சத்து, 45 கிலோ சாம்பல்சத்து பரிந்துரைக்கிறது. இறவைக்கு இது 25, 50, 75 கிலோ. ஏக்கர் கணக்கில் இறவைப் பயிருக்கு 10, 20, 30 கிலோ என்றாகும். இதை எந்த உரத்தில் கொடுப்பது என்பதில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. 20 கிலோ மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாகக் கொடுத்தால் 125 கிலோ வேண்டும். மாட்டுவண்டியில் ஏற்ற வேண்டிய சுமை. டி.ஏ.பி.யாக வாங்கினால் 44 கிலோவில் முடிந்துவிடும். கூடவே 8 கிலோ தழைச்சத்தும் வந்துவிடும். கணக்கு டி.ஏ.பி. பக்கம் சாய்வதில் வியப்பில்லை. ஆனால் அந்த 125 கிலோ சூப்பர் பாஸ்பேட்டில் 14 கிலோ அளவுக்குக் கந்தகமும், நிறையச் சுண்ணாம்புச்சத்தும் இருந்தன. டி.ஏ.பி.யில் இரண்டும் இல்லை.

எண்ணெய்வித்துகளுக்குக் கந்தகம் ஒரு துணைச்சத்து அல்ல, அடிப்படைச் சத்து. ஒரு டன் தானியம் விளைய 3 முதல் 4 கிலோ கந்தகமும், ஒரு டன் பயறு விளைய 8 கிலோவும் தேவைப்படும்போது, ஒரு டன் எண்ணெய்வித்துக்கு ஏறத்தாழ 12 கிலோ தேவை. சிஸ்டீன், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்கள் கந்தகம் இல்லாமல் உருவாகா. கொழுப்பு அமிலங்களைக் கட்டும் நொதிகளுக்குத் துணைநிற்கும் மூலக்கூறுகளிலும் கந்தகம் உண்டு. முன்பு அம்மோனியம் சல்பேட்டும் சூப்பர் பாஸ்பேட்டும் பரவலாக இருந்த காலத்தில் யாரும் கேட்காமலேயே நிலத்துக்குக் கந்தகம் போய்க்கொண்டிருந்தது. யூரியாவும் டி.ஏ.பி.யும் அவற்றின் இடத்தைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றுவிட்டது. இந்தியாவின் எண்ணெய்வித்து நிலங்களில் கந்தகக் குறை பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தூக்கிச் செல்ல எளிது என்பதற்காக எண்ணெய்வித்துக்கு டி.ஏ.பி.யை மட்டும் நம்புவது தவறான சிக்கனம்.

நிலக்கடலையின் உர மேலாண்மையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது கால்சியம், அதாவது சுண்ணாம்புச்சத்து. மற்றப் பயிர்களில் காணாத ஒரு விசித்திரம் இதில் இருக்கிறது. வேர் உறிஞ்சும் கால்சியம் நீரோடு சேர்ந்து மேலே ஏறுகிறது; நீர் எங்கே ஆவியாகிறதோ அங்கே போய்ச் சேர்கிறது. இலை ஓயாமல் நீரை ஆவியாக்குவதால் கால்சியம் முழுவதும் இலைக்கே போகும். மண்ணுக்குள் ஈரத்தில் கிடக்கும் காய் நீரை ஆவியாக்குவதில்லை. எனவே அந்த வழியில் காய்க்கு எதுவும் வராது. இலையில் தயாரான சர்க்கரையைக் காய்க்குக் கொண்டுவரும் குழாய்களோ கால்சியத்தைச் சுமப்பதில்லை. இலைக்குப் போன கால்சியம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆக, காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் ஓட்டின் வழியாக, தன்னைச் சூழ்ந்துள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

1940களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த சோதனைகள் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவின. வேர் இருக்கும் பகுதியையும் விழுது இறங்கும் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றில் கால்சியம் கொடுத்தும் மற்றதில் கொடுக்காமலும் செடிகளை வளர்த்தார்கள். வேருக்குக் கால்சியம் தாராளமாகக் கிடைத்தும், காய் இருந்த மண்ணில் அது இல்லாதபோது காய்கள் பருப்பில்லாமல் பொக்காயின. இந்த ஆய்வில் ஈடுபட்ட நைல் பிராடி பிற்காலத்தில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார். அவரது கடலை ஆய்வு இன்றும் ஒவ்வொரு கடலைக்கொல்லையிலும் நடைமுறையில் இருக்கிறது.

அந்த நடைமுறையின் பெயர் ஜிப்சம். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40 முதல் 45ஆம் நாளுக்குள் செடியின் அடியில் இட்டு மண் அணைப்பது இறவைக் கடலைக்கான பரிந்துரை. தூய ஜிப்சமாக இருந்தால் அதில் 37 கிலோ கால்சியமும் 30 கிலோ கந்தகமும் கிடைக்கும். கடையில் கிடைப்பதில் தூய்மைக்கேற்ப இது குறையும். கல் சுண்ணாம்பும் கால்சியம்தான், ஆனால் அது நீரில் கரைவது மிகமிகக் குறைவு. ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்கு மேல் கரையும். காய் உறிஞ்ச வேண்டியது மண்நீரில் கரைந்துள்ள கால்சியத்தை மட்டுமே என்பதால் இந்தக் கரைதிறன் முக்கியம்.

தேதியும் அதே அளவுக்கு முக்கியம். விழுது மண்ணில் இறங்கியதை அடுத்த சில வாரங்களில்தான் இளங்காய் தனக்கான கால்சியத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. ஓடு கெட்டியான பிறகு கொடுத்துப் பயனில்லை. விதைக்கும்போதே மொத்தத்தையும் இட்டுவிட்டால் செம்மண்ணிலும் மணல்சாரி நிலத்திலும் மழை அதைக் காய் இருக்கும் மேல்மண்ணைத் தாண்டிக் கீழே கொண்டுபோய்விடும். அப்போது அது வேருக்குக் கிடைக்கும், காய்க்குக் கிடைக்காது. 45ஆம் நாள் என்பது ஏதோ வசதிக்காகக் குறித்த நாள் அல்ல. முதல் விழுதுகள் மண்ணைத் தொட்டுக் காயாகத் திரும்பும் நேரம் அது. மண் அணைப்பதும் அதே நாளில் வருவதால் சற்று உயரத்தில் தொங்கும் விழுதுகளும் மண்ணை எட்டிவிடும். அதற்குப் பின் கொல்லையில் களைக்கொத்து இறங்கக் கூடாது. ஒரு கொத்தில் அறுபடும் விழுது ஒவ்வொன்றும் ஒரு காய்.

மானாவாரியில் நாளை இவ்வளவு துல்லியமாகப் பிடிக்க முடியாது. காய்ந்த மண்ணில் இட்ட ஜிப்சம் கரையாமல் கிடக்கும். எனவே 40ஆம் நாள் முதல் 75ஆம் நாள் வரை, மண்ணில் ஈரம் கிடைக்கும் முதல் வாய்ப்பில் இட்டுவிட வேண்டும். ஜூலையில் விதைத்த பயிருக்கு இந்த வாய்ப்பு ஆகஸ்ட் மழையில் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். விதைத்த தேதியும் உரத்தின் பலனும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது.

கால்சியக் குறை காயை உடைத்தால்தான் தெரியும். வெளியில் செடி செழிப்பாகவே இருக்கும். உள்ளே ஒரு பருப்பு சுருங்கியோ இரண்டு அறையும் காலியாகவோ இருக்கும். நிரம்பியது போலத் தோன்றும் பருப்பைப் பிளந்து பார்த்தால் முளைக்குருத்து கறுத்திருக்கும். இந்தக் கறுத்த பருப்பு எண்ணெய்க்கு உதவும், விதைக்கு உதவாது, முளைப்புத்திறன் சரிந்துபோயிருக்கும். விதைக்கென்று விடும் கொல்லைக்கு ஜிப்சம் இடாமல் விட்டால் அடுத்த பட்டத்தின் பயிர் எண்ணிக்கையும் சேர்ந்து குறையும். பெரிய பருப்பு ரகங்களில் இந்தக் குறை இன்னும் கடுமை. பருமனுக்கு ஏற்ற அளவு ஓட்டின் பரப்பு கூடாததால் அவற்றின் காய்கள் உறிஞ்சும் கால்சியம் போதாமல் போகிறது.

சாம்பல்சத்தும் எண்ணெய் சேர்வதற்குத் தேவைதான், ஆனால் அதை எப்போது இடுவது என்பதில் கவனம் வேண்டும். காய் இருக்கும் மேல்மண்ணில் பொட்டாசியம் மிகுந்தால் அது கால்சியத்தோடு போட்டியிட்டுக் காய்க்குள் அது நுழைவதைக் குறைக்கிறது. பொட்டாஷ் முழுவதும் அடியுரமாகவே போய்விட வேண்டும். பூ வந்தபின் மேலுரமாகத் தூவிய பொட்டாஷ், பக்கத்திலேயே இட்ட ஜிப்சத்தின் பயனைத் தின்றுவிடும்.

நுண்சத்துகளில் போரான் குறிப்பிடத்தக்கது. அது குறைந்தால் பருப்பின் இரு பாதிகளும் ஒட்டும் உட்பக்கத்தில் குழி விழுந்து பழுப்பாகும். ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸ் ஜிப்சத்தோடு கலந்து இட்டால் போதும். இதற்கு மேல் போனால் போரானே நஞ்சாகும். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றப் பகுதி வெளுத்து நிற்பது இரும்புச்சத்து கிடைக்காததன் அடையாளம்.

பிந்திய விதைப்பை உரத்தால் ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது நடவாத காரியம். மானாவாரிக்கான உர அளவு இறவை அளவைவிட இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணமே நீர்தான். மண்ணில் ஈரம் இல்லாதபோது சத்து வேரை நோக்கி நகராது. பிந்தி விதைத்த பயிருக்கு நீர் இருந்தாலும் நிரப்புவதற்குக் காய் குறைவு, நிரப்பும் நாட்களும் குறைவு. அந்தப் பயிருக்குக் கூடுதலாக இட்ட யூரியா இலையாகிறது. அடர்ந்த இலைக்குள் ஈரம் தங்கி இலைப்புள்ளி நோய் வேகமாகப் பரவுகிறது. காலத்தில் விதைத்த பயிருக்கு இட்ட ஒரு கிலோ உரம் தரும் காயை, காலம் தப்பிய பயிருக்கு இட்ட இரண்டு கிலோவும் தராது போகலாம்.

ஆவணி நடுப்பகுதி வரை விதைப்புக்கேற்ற மழை வராத ஆண்டுகளில், கடலையை அந்தப் பட்டத்துக்குக் கைவிடுவதே சரியான முடிவு. புரட்டாசிப் பட்டத்துக்கு உளுந்தோ கொள்ளோ அந்த நிலத்துக்கு ஏற்றவை. வாங்கி வைத்த கடலை விதையை உடைக்காமல், நன்கு உலர்ந்த காயாகவே வைத்திருந்தால் சில மாதங்களுக்கு முளைப்புத்திறன் கெடாது. கிணற்றில் நீர் உள்ளவர்கள் அதை மார்கழியில் உடைத்து விதைக்கலாம்; ஜிப்சத்தையும் அப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, 45ஆம் நாளில் அதைத் தேடி அலைய நேரம் இருக்காது.